வாய் முகரும் தூரம்

1

ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: நரம்பு டாக்டர், கண்ணாடி பொருத்தும் தொழிலாளி ஒருவர், அவர் மனைவி, ஸ்கேன் உறையோடு கதவோரம் ஆஸ்பத்திரிச் சிப்பந்தி நான். இரவுப் பணி முடிந்த காலை. கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியவன் கிளம்பவில்லை. பிறகு அந்த வேலையையே விட்டாயிற்று. இந்தக் கதையில் பாதி அங்கே கேட்டது. மீதி என் கைவேலை.

2

'ஆளுயரக் கண்ணாடியைத் தனியாளாகத் தூக்கி ஏணி ஏறிய அந்தக் கைகள் இன்று—'

(வேண்டாம். இப்போதே பரிதாபப்பட்டுவிடுவீர்கள்.)

குடியை விட்டு மூன்று வருடம். தினமும் மாலை வாசலில் நின்று அவர் ஊதிக் காட்ட வேண்டும். அவள் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து முகர்வாள், பிறகுதான் வழிவிடுவாள். அவமானம்தான். ஆனால் நாள் முழுக்க அவள் முகம் அவ்வளவு அருகில் வருவது அந்த ஒரு தரம்தான். அதற்காகவே நேரத்தோடு வீடு திரும்புவார்.

இந்த வருடம் நடை தள்ளாடியது. நாக்கு குழறியது. இரண்டு கண்ணாடிகள் கைநழுவின. வாயில் மட்டும் வாடை இல்லை.

"வாடையே வராத சரக்கா பாத்துப் புடிச்சிருக்கீங்க. கெட்டிக்காரருதான்."

"என் தலைமேல சத்தியமா—"

"முதல்ல அது நேரா நிக்கட்டும்."

அவள் வழிவிடவில்லை. அன்றிலிருந்து இரண்டு மாதம் அவருக்குப் பட்டறையில் படுக்கை.

3

தரைக்கல்லின் கோட்டில் குதிகாலையும் விரலையும் ஒட்டவைத்து நடக்கச் சொன்னார் டாக்டர். மூன்றாவது அடியில் கண்ணாடிக்காரர் மேசையைப் பிடித்தார்.

"தடுமாற்றத்துக்குக் காரணம் நிறைய. உள்காது, தைராய்டு, வைட்டமின் குறைவு, பக்கவாதம், பரம்பரை. இவருக்குச் சிறுமூளை சுருங்கியிருக்கு. பழைய குடியோட வேலை, இப்பத்தான் வெளிய தெரியுது."

"இப்ப குடிக்கிறாரா?"

"ரத்தத்துல அதுக்கு அடையாளமே இல்லம்மா."

[இங்கே அவளை அழவைத்து எழுதி, அடித்துவிட்டேன். அவள் அந்த ரகமில்லை.]

"நடை திரும்புமா?"

"முழுசா வராது. பயிற்சி பண்ணினா விழாம நடக்கலாம்."

டாக்டர் பார்த்துத் திருப்பித் தந்த உறையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "கிளம்புங்க, வீட்டுக்கு."

4

நான் போகாத வாசல் இது. அவள் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். அவர் வெளியிலேயே நின்றார்.

"வாங்க. புதுசா அழைக்கணுமா?"

"ஊதட்டுமா?"

"அதான் டாக்டரே சொல்லிட்டாரே. இனிமே எதுக்கு?"

அவர் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் முடிவு: அவளுக்குப் புரிகிறது, முகம் நெருங்குகிறது. (தித்திக்கிறது. நம்ப முடியவில்லை.)

இரண்டாவது: 'அவள் திரும்பிப் பார்க்காமலே அடுப்படிக்கு—' (இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.)

அந்த முகம் கிட்டே வந்ததா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான்: அவர் உதடு குவித்தபடியே நின்றார். அவள் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். தள்ளாடினார், விழவில்லை. அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.