கென் மாமா என்கிற பிரிண்டர்

ஷெல்பி சர்வரில் இணைந்தால் மட்டும் அது தானாக அணைந்து மறுபடி எழுந்தது. ரோவெனா இணைந்தால் ஒன்றும் ஆவதில்லை. மூன்று வாரமாக இந்த வித்தியாசம் ரோவெனாவுக்கு உள்ளூர இனித்தது. அதை முகத்தில் காட்டாமல் இருப்பதுதான் சிரமமாக இருந்தது.

ஸ்மித்டன் பால் கூட்டுறவில் பதினோரு வருடமாகக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். எந்த லாரி எந்தப் பண்ணையில் எப்போது பால் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு சர்வரில் இருக்கிறது. போன வருடம் ஒப்பந்தத்தில் வந்த ஷெல்பிக்கு முப்பத்திரண்டு வயது, வீட்டிலிருந்தே வேலை. வந்த ஆறே மாதத்தில் லாரிக்காரர்கள் போன் செய்தால் "ஷெல்பி இருக்காளா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இல்லை என்றால் பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிடுவார்கள்.

மேலாளர் நெவில் மழைக்கோட்டை உதறிக்கொண்டே வந்தார்.

"இன்னிக்கும் படுத்துடுச்சா, ரோ?"

"ஷெல்பி உள்ள வந்தா. படுத்துடுச்சு. ரெண்டு லாரி பண்ணை வாசல்ல நிக்குது."

"என்னதான் பண்றா அவ? முழங்கையால தட்டறாளா?"

"எனக்கென்ன தெரியும்? நான் வந்தா நல்லாத்தான் இருக்கு."

தன் குரலில் வழிந்த தேன் அவள் காதிலேயே விழுந்தது.

"இங்க பாரு, அவ ஒப்பந்தம் இன்னியோட முடியுது. கோளாறு அவளாலதான்னா நான் நீட்டிக்கப் போறதில்ல. என்ன காரணம்னு பன்னண்டு மணிக்குள்ள எழுதிக் குடு. நீ எழுதறதுதான் முடிவு."

ரோவெனா உட்கார்ந்து எழுதினாள்: 'ஷெல்பியின் இணைப்பே காரணம்.' பொய் இல்லை. அப்படியே அனுப்பியிருக்கலாம். ஆனால் ஏன் என்று தெரியாமல் ஒரு கோளாறை மூடிவைத்துப் பழக்கமில்லை அவளுக்கு. சர்வர் அணைந்த நேரத்துப் பதிவைத் திறந்தாள்.

வெளியிலிருந்து இணைகிறவரின் கணினி, தன் வீட்டு பிரிண்டரையும் கூடவே அழைத்து வரும். சர்வர் அதற்கேற்ற மென்பொருளைத் தன்னிடம் தேடி எடுத்து ஓட்டும். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில்தான் விழுந்திருந்தது. எந்த பிரிண்டர் என்று பார்த்தாள்.

கென் மாமா.



அது அவள் வைத்த பெயர். எட்டு வருடத்துக்கு முன்னால், ஸ்டான்லி ஊரில், அப்போது அவள் சேர்ந்து வாழ்ந்த ரஸ்ஸின் வீட்டுச் சமையலறையில். ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் அந்த பிரிண்டர் இரண்டு முறை இருமும், சாப்பாட்டு மேஜையில் ஜெபம் ஆரம்பிக்கும் முன்பு அவளுடைய கென் மாமா இருமுவதைப்போல. அவள் பெயர் வைத்ததும் ரஸ் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனை விட்டு வந்தபோது நாயை எடுத்துக்கொண்டாள். பிரிண்டரை விட்டுவிட்டாள்.

மூன்று வாரம் முன்பு, வீடு மாறுவதாகச் சொல்லி ஷெல்பி இரண்டு நாள் விடுப்பு கேட்டிருந்தாள். எந்த வீட்டுக்கு என்று ரோவெனா கேட்கவில்லை.

ரஸ்ஸின் வாழ்க்கையில் இன்னொரு பெண் இருப்பது அவளைச் சுடவில்லை. என்றாவது வருவாள் என்று தெரியும். சுட்டது வேறு. பெயர் வந்த கதையை அவன் ஷெல்பியிடம் சொல்லியிருப்பானா? சொன்னபோது அதில் ரோவெனா இருந்தாளா, இல்லை, தானே வைத்த பெயர் என்று சொல்லிவிட்டானா? ஷெல்பியும் சிரித்திருப்பாளா? இத்தனை நாள் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை என்று இப்போது தெரிந்தது. அது வெறும் ஒத்திகை.

பழிவாங்க ஒரு வரி திரையில் தயாராக இருந்தது. கடைசியாக ஒன்றை மட்டும் பார்த்தாள்: அந்த மென்பொருளை சர்வரில் ஏற்றியது யார்? அவளுடைய பெயரே இருந்தது. கணுக்கால் முறிந்து ஆறு வாரம் அந்தச் சமையலறையிலிருந்தே வேலை பார்த்தபோது ஏற்றியது. போன வருடம் சர்வரைப் புதுப்பித்தபோது, புதியதற்கு ஒத்துவராத இதை நீக்க மறந்திருக்கிறாள். கூப்பிட ஆளில்லாத வரை சும்மா கிடந்திருக்கிறது.

போனை எடுத்தாள்.

"ஷெல்பி, உன் வீட்டுல பிரிண்டர் ஒண்ணு இருக்கா?"

"இருக்கு... ஆனா என்னோடது இல்ல."

"தெரியும்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம்.

"ரோ, நானே உங்கிட்ட சொல்லணும்னுதான்..."

"லாரி நிக்குது. அதெல்லாம் அப்புறம். நான் சொல்லும்போது உள்ள வா."

பழைய மென்பொருளை அழித்தாள். எல்லா பிரிண்டருக்கும் பொதுவான ஒன்றை அந்த இடத்தில் வைத்தாள். ஷெல்பி இணைந்தாள். ஒரு நிமிடம். இரண்டு. ஐந்து.

"விழல! ரோ, விழவே இல்ல!"

"இரு, ஒரு சோதனைப் பக்கம் அனுப்பறேன்."

அதற்கு அவசியமே இல்லை. அது அவளுக்கும் தெரியும். அனுப்பினாள். போனில் முதல் இருமல் கேட்டது. பிறகு இரண்டாவது. பின்னால், நெருக்கத்தில், ஓர் ஆணின் குரல்: "மாமாவை யாரு எழுப்பினது?"

"ஷ்ஷ்" என்றாள் ஷெல்பி.

ரோவெனா போனை வைத்தாள். எழுதிய வரியை அழித்துவிட்டு வேறு எழுதி நெவிலிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"அப்ப தப்பு உன்னோடதா?"

"ஆமா. எட்டு வருஷத்துக்கு முன்னால ஏத்தினது. எடுக்க மறந்துட்டேன்."

"நல்லவேளை, அந்தப் பொண்ணை அனுப்பிருப்பேன்." ஒப்பந்தத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "ஆமா, யாரோட பிரிண்டர் அது?"

பதில் ஒரே சொல்தான். மேஜையில் கிடந்த ஒப்பந்தத்தில் ஷெல்பியின் பெயரைப் பார்த்தாள்.

"அவளோடது" என்றாள்.