ஜோவிதாவுக்கு எத்தனை பாக்ஸ்?

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முப்பது பேர் உட்காரும் மாடி அறைக்கு ஆள் உயர ஸ்பீக்கர் பாக்ஸ் நாலை முதுகில் ஏற்றினேன். இறக்கிவைத்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்து எனக்கு நாற்பதுக்கு மேல்தான் வந்தது. கோபம் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது.

2.

கடற்காற்று மெல்ல வீசும் மாலையில், மஞ்சள் சுவர்களின் ஓரமாக...

(வேண்டாம். சுற்றுலா வந்து ரெண்டு நாள் ரூம் போட்டுத் தங்கியவர் எழுதட்டும் அதை.)

ரெட்டியார்பாளையத்தில், நான் சுமை தூக்கும் சவுண்டு சர்வீஸ் கடை. ஜோவிதா கிதாரோடு நிற்கிறாள். தொண்டையில் ஆப்பரேஷன் ஆன பிறகு முதல்முறையாகப் பாடப்போகிறாள். பழைய குரல் இல்லை, மெலிந்துவிட்டது. ஆனாலும் அவளுடையது. அது அப்படியே கேட்கவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஸ்டாண்டில் நின்ற சின்னப் பாக்ஸ் ஒன்றைத் தொட்டாள்.

"இதுவும் ஒரு மைக்கும் போதும்."

கச்சேரியை ஏற்பாடு செய்யும் சித்தப்பா சவரிராயன் சிரித்தார். "ஏம்மா, சாவு வூட்டுக்கே நாலு கட்றோம். உசுரோட பாடற உனக்கு ஒண்ணா?"

"செத்தவங்களுக்குக் காது வலிக்காது சித்தப்பா."

3.

சவரிராயனைக் கெட்டவராக எழுதத்தான் நினைத்தேன். அதற்குள் அவர் இதைச் சொல்லிவிட்டார்:

"உன் குரல் போயிடுச்சுன்னு கோயில்ல பேசிக்கறாங்கம்மா. பெரிய பாக்ஸா கட்டி அவங்க வாய அடைக்கிறேன்."

"அவங்க வாய இல்ல, என் வாயத்தான் அடைக்கிறீங்க."

நம் ஊரில் பாக்ஸின் உயரம்தான் மரியாதையின் உயரம். காதுகுத்தானாலும் கருமாதியானாலும் தெருமுனைவரை அதிரவேண்டும். சின்ன அறையில், பாடுகிறவள் முதுகுக்குப் பின்னால் நாலையும் அடுக்கினால் மைக் ஊளையிடும் என்று கடைக்காரருக்குத் தெரியாதா? தெரியும். சித்தப்பாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் ஏற்றினார்கள், என் முதுகில்.

4.

முடிவு ஒன்று: பாக்ஸ் ஊளையிடுகிறது. சனம் காதைப் பொத்திக்கொண்டு, "குரல் போச்சு" என்று எழுந்து போகிறது.

(எழுதினேன். கிழித்தேன். கோயிலில் பேசுகிறவர்களோடு நானும் சேர்ந்துகொள்வதா?)

முடிவு இரண்டு: சித்தப்பா மனம் திருந்தி...

(இதை நானே நம்பவில்லை.)

ஆகவே இப்படி நிறுத்துகிறேன். எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு ஜோவிதா எழுந்துபோய்ப் பாக்ஸ் ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

"ஏம்மா! பின்னால இருக்கறவங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

"முன்னால வரட்டும்."

கிதாரை மடியில் வைத்துக் காத்திருக்கிறாள். ஒருவரும் அசையவில்லை.

இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். கடைசி வரிசையில் இருப்பது நீங்கள்தானே? நாற்காலியைத் தூக்குங்கள். பாக்ஸைவிட அது எவ்வளவோ லேசு.