எண்ணெய் போன வழி

நான்கு மணிச் சங்கு ஊதி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஃபோர்மன் மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில், கீழேயிருந்து பார்த்தால் தெரியாதபடி சற்றுத் தள்ளி நின்று கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷிப்ட் முடிந்தவர்களின் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. முன்னால் நின்ற வண்டிகளையெல்லாம் கையசைத்து அனுப்பிய காவலாள், ஒரு வண்டியை மட்டும் ஓரங்கட்டச் சொன்னான். அதில் வந்தவர் ஃபோர்மனின் மச்சான், அவர் மனைவியின் அண்ணன். பெட்டியைத் திறக்கச் சொன்னான். சாப்பாட்டு டப்பா, துண்டு, கடைசியாக ஒரு சின்ன பாட்டில். மஞ்சளாக எண்ணெய். காவலாள் அதன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். மச்சான் ஏதோ சொன்னார். அவன் நம்பவில்லை போலிருக்கிறது. அவர் குனிந்து கால்சட்டையை முட்டிக்கு மேலே சுருட்டி, வீங்கிக் கிடந்த முட்டியைக் காட்டினார். பின்னால் நின்ற கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஃபோர்மன் ஜன்னலை விட்டு நகர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மச்சானின் பேரைக் கொடுத்தது அவர்தான்.

மின்நிலையத்தின் பெரிய கேஸ் டர்பைன் ஒன்றரை மாதமாக எண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்தது. பேரிங்குகளுக்குப் போய்த் திரும்பும் எண்ணெய் தினம் நாலு லிட்டர் குறைவது வழக்கம்தான். இப்போது நாற்பது குறைந்தது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. மேனேஜர் கூப்பிட்டு, "எண்ணெய் தானா நடந்து போகாதுய்யா. தினமும் டாங்க்ல ஊத்துறது யாரு?" என்று கேட்டார். இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை சார், அவகாசம் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மெஷினைப் பிரித்து மாட்டி ஒன்றரை மாதம்தான் ஆகிறது. மாட்டியதும் கையெழுத்துப் போட்டதும் அவரே. மறுபடி பிரிப்பது என்ற பேச்சையே எடுக்க அவருக்கு விருப்பமில்லை. "ஸ்டோர்ல இருக்கிறது என் மச்சான்தான் சார். நாப்பதுன்னு எழுதிட்டு நாலு ஊத்துறாரோ என்னமோ. சொந்தம்னு நான் பார்க்க மாட்டேன். செக் பண்ணிக்கங்க" என்றார். சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, தான் எவ்வளவு நேர்மையானவன் என்று மனசுக்குள் ஒரு மிதப்புகூட இருந்தது.

அப்பா இல்லாத வீட்டில் தங்கையைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்த மனிதர் அந்த மச்சான். சொந்தமாக வைத்திருந்த அச்சகம் படுத்துவிட்ட பிறகு, ஐம்பத்தைந்து வயதில் தங்கை புருஷனிடம் வேலை கேட்டு வந்தார். ஸ்டோரில் சேர்த்துவிட்டதை ஃபோர்மன் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. அதிலும் அவருக்குப் பெருமை உண்டு.

மறுநாள் மச்சான் வரவில்லை. முட்டி வலி என்று சொல்லியனுப்பியிருந்தார். ஸ்டோர் சாவி ஃபோர்மனின் சட்டைப் பையில் இருந்தது. அவரே பீப்பாயிலிருந்து அளந்து, அவரே டாங்கில் நாற்பது லிட்டர் ஊற்றினார். அடுத்த நாள் காலையில் அளவுகோலைப் பார்த்தால் சரியாக நாற்பது லிட்டர் இறங்கியிருந்தது. மூன்று நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அளவுகோல் முன்னால் நின்றபோது அவருக்குக் காது மடல் சுட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தார். எண்ணெயைக் குளிர வைக்கும் கூலரிலிருந்து வரும் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெயிலில் வைத்துப் பார்த்தார். எண்ணெய்ப் படலம் இல்லை. புகைபோக்கியில் நீலப் புகை இல்லை. குழாய் இணைப்பு ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியால் துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. மிச்சமிருந்தது கூரைக்குப் பின்பக்கம் போகும் ஆவிக்குழாய். எண்ணெய் டாங்கில் எழும் ஆவி ஒரு வடிகட்டி வழியாக ஏறி, எண்ணெயை வடிகட்டியிலேயே விட்டுவிட்டு, வெறும் காற்றாக அந்தக் குழாயில் வெளியேற வேண்டும். அந்தப் பக்கம் எவனும் எட்டிப் பார்ப்பதில்லை. பெய்த மழை வேறு தகரத்தைக் கழுவிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஏணி போட்டு ஏறி, குழாயின் வாய்க்கு நேராகக் கையை நீட்டினார். பத்து எண்ணுவதற்குள் உள்ளங்கை பளபளத்தது. முழங்கை வரை எண்ணெய் வழிந்தது.

வெள்ளிக்கிழமை மெஷினை நிறுத்தி வடிகட்டியைத் திறந்தார்கள். கூட இருந்த ஃபிட்டரை எல்லோரும் நெட்டை என்பார்கள். அவன்தான் முதலில் தலையை உள்ளே விட்டான்.

"அண்ணே, கீழ கேஸ்கெட்டே இல்ல."

வடிகட்டிக்கு அடியில் உட்கார வேண்டிய ரப்பர் வளையம். அது இல்லாவிட்டால் ஆவி வடிகட்டிக்குள் நுழையாமல் பக்கவாட்டில் புகுந்து போய்விடும். ஃபோர்மனுக்கு மெஷினை மாட்டிய அந்த நாள் அப்படியே நினைவுக்கு வந்தது. வளையம் ஸ்டோரிலிருந்து வந்து சேரவில்லை. சாயங்காலம் திறந்து போட்டுக்கொள்ளலாம் என்று மூடினார். பட்டியலில் அந்த வரிக்கு நேராகவும் சேர்த்து டிக் அடித்தார். சாயங்காலம் மறந்துபோனது.

நெட்டை யார் மூடியது என்று கேட்கவில்லை. கேட்காமல் ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைத்தது போதும் என்ற பிறகும்.

மேனேஜரிடம் போய், "நான்தான் சார் போடாம மூடினேன்" என்றார். வேலையே போய்விடும் என்று நினைத்துத்தான் போனார். மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மனுஷன்னா மறதி சகஜம்தானே. புதுசு போட்டு ஓட்டுங்க. ரிப்போர்ட்ல கேஸ்கெட் தேஞ்சு போச்சுன்னு எழுதிடுங்க, வம்பு வேண்டாம்."

அவ்வளவுதான். ஸ்டோர்க்காரரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அங்கே நாற்பது பேர் பார்க்க ஒருவர் கால்சட்டையைச் சுருட்டினார். இங்கே ஏசி அறையில் ஒரே வரியில் மன்னிப்பு. ரிப்போர்ட்டில் 'கேஸ்கெட் போடப்படவில்லை. மூடியது நான்' என்றே எழுதினார். எழுதியும் மனசு லேசாகவில்லை.

வேலை முடிந்து நேராக மச்சான் வீட்டுக்குப் போனார். மச்சான் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. உட்காருங்க."

ஃபோர்மன் எண்ணெய் போன வழியைச் சொல்லி முடித்தார். தப்பு தன்னுடையது என்பதையும் சொன்னார். மச்சான் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டார்.

"ஒரு ரப்பர் வளையத்துக்கு இவ்வளவு கூத்தா!" என்று சிரித்தார்.

"மச்சான்... அன்னைக்குக் கேட்ல..."

"தெரியும். அந்த வாட்ச்மேன் அன்னைக்கே சொல்லிட்டான். 'உங்க ஃபோர்மன்தான் சொன்னாரு, என்னை ஒண்ணும் நினைச்சுக்காதீங்க'ன்னான்." மச்சான் ஸ்டூலில் இருந்த காலைச் சற்று மாற்றி வைத்தார். "என் தங்கச்சிகிட்ட நான் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க. அவளுக்குத் தாங்காது."

"திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க மச்சான்."

"முட்டி சரியில்ல மாப்பிள்ளை. பார்ப்போம்."

திட்டியிருந்தால் தேவலை. நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். மச்சான் காபி கொடுத்து, வாசல் வரைக்கும் நொண்டி நொண்டி வந்து வழியனுப்பினார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. பெரிய படுக்கை விரிப்பு ஒன்றின் இரண்டு முனைகளை அவரிடம் நீட்டினாள். வழக்கம்போல அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் பின்னால் நகர்ந்து விரிப்பை இழுத்துப் பிடித்தார்கள்.

"அண்ணன் ஏங்க வேலைக்கே வர்றதில்லையாம்? அண்ணி போன்ல மழுப்புறாங்க. அங்க யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?"

"சொன்னாங்க" என்றார்.

"யாரு?"

மடித்துக்கொண்டு அவர் அவளை நோக்கி நடந்து வர வேண்டிய நேரம். அவர் நகரவில்லை. காற்று அடித்து, நடுவில் விரிப்பு படகுப் பாய் மாதிரி உப்பியது. அதற்கு மேலே அவள் முகம் மட்டும் தெரிந்தது. அவர் கையிலிருந்த முனை ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. அவள் தன் முனைகளை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.