வலது கை நடந்த தூரம்

நான் பொய் சொல்பவன் என்று என் மச்சினன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் சொல்வதில் பாதி பொய். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

என்னுடையது இஸ்திரிக் கடை. தேய்க்கிற மேசைக்கும் சட்டை தொங்கும் கம்பிக்கும் நடுவில் இரண்டே எட்டு. முப்பத்தெட்டு வருஷமாக அந்த இரண்டு எட்டுதான் என் உலகப் பயணம். இதைப் போன மாதம் டாக்டரிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அவர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் கூட வந்திருந்த என் மகளைப் பார்த்தார். அங்கே பிடித்தது சனி.

“தினம் ஆறாயிரம் அடி நடக்கணும்ப்பா. ஒரு மாசம் பார்ப்பேன். தேறலேன்னா கடையைப் பூட்டிட்டு என் வீட்டுக்கு வந்துடணும். பேச்சே கிடையாது” என்றாள் மகள்.

அவள் வீடு பதினோராவது மாடியில். சன்னலைத் திறந்தால் பறவைகளின் முதுகுதான் தெரியும். பேச்சுத் துணைக்கு லிஃப்ட்.

கையோடு ஒரு புது ஸ்மார்ட்வாட்சும் வாங்கித் தந்தாள். நான் நடப்பது அவள் போனில் தெரியுமாம். என் இடது கையில் ஏற்கெனவே ஒரு பழைய வாட்ச் இருந்தது. ரொம்ப யோக்கியன், நாளுக்கு எண்ணூறு அடி நடந்தால் எண்ணூறு என்றுதான் சொல்வான். ஐந்து வருஷம் கூட இருந்தவனைக் கழற்றிப் போட மனம் வரவில்லை. புதியதை வலது கையில் கட்டிக்கொண்டேன். இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற கை.

முதல் நாள் சாயங்காலம் பழையது 812 என்றது. புதியது 14,260 என்றது. அன்றைக்கு நான் தெருவைக்கூடத் தாண்டவில்லை.

மச்சினன் பக்கத்தில் சாவிக் கடை வைத்திருக்கிறான். என் இரண்டு மணிக்கட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

“அத்தான், பெட்டி போய்ட்டு வர்றதையெல்லாம் இது நடைன்னு எண்ணுது.”

“எண்ணட்டுமே.”

“பெத்த பொண்ணுகிட்டயே பொய்யா?”

“நான் எங்க மாப்ளே சொன்னேன்? வாட்ச்சுல்ல சொல்லுது.”

இரண்டு வாரம் ராஜபோகம். கால்சட்டை தேய்த்தால் நடை. சட்டை தேய்த்தால் ஓட்டம். கழுத்துப்பட்டையை அழுத்தித் தேய்த்த ஒரு நாள், மலை ஏறியதற்காக வாட்ச் என்னைப் பாராட்டியது. மகளும் போனில் கைதட்டல் படம் அனுப்பினாள்.

அப்புறம்தான் ஒரு ஓட்டலிலிருந்து நூற்றிருபது படுக்கை விரிப்பு வந்து இறங்கியது. விரிப்புக்குத் தோளிலிருந்து இழுத்துத் தேய்க்க வேண்டும். மத்தியானம் வாட்ச் அதிர்ந்து, ‘நீந்துகிறீர்களா?’ என்று கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் மடித்துவிட்ட சட்டைக் கை உரசி, ‘ஆம்’ என்று சொல்லிவிட்டது. நாலு கிலோமீட்டர் நீச்சல் மகளின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. அது மகளுக்குத் தெரியும். தன் ஆறு வயதில் என்னை முழங்கால் தண்ணீரிலிருந்து இழுத்துக் காப்பாற்றியவளே அவள்தான்.

ஆபீஸ் அட்டை கழுத்தில் ஆட, மூச்சிரைக்க ஓடி வந்து நின்றாள்.

“எந்தத் தண்ணியிலப்பா விழுந்தீங்க?”

நான் நூற்றிப் பதினெட்டாவது விரிப்பில் இருந்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவள் என் வலது கை போய்வருவதையே பார்த்தாள். முகம் மெல்ல மாறியது.

“இடது கையில என்ன?”

“பழசும்மா.”

“அது எவ்வளவு காட்டுது?”

சட்டைக் கையை இறக்கிவிட்டேன். அதற்குள் அடுத்த கடையிலிருந்து ஒரு தலை நீண்டு, “எழுநூத்தித் தொண்ணூறும்மா!” என்றது. சாவிக் கடைக்காரனுக்கு வாயைப் பூட்டத் தெரியாது.

மகள் அழுக்குத் துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். “மூடிடலாம்ப்பா” என்றாள். கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

“மூடலாம். தேய்ச்சு வச்சதை யாரு கொண்டு போய்க் குடுக்கிறது?”

“எப்பவும்போல அவங்களே வந்து…” என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். சுவரோரம் அடுக்கியிருந்த கட்டுகளை விரல்விட்டு எண்ணினாள். இருபத்துமூன்று. “நீங்களே வீடு வீடாக் கொண்டு போங்க. நடந்து. மாசம் முடியுற வரைக்கும் பார்க்கிறேன்.”

மறுநாள் சட்டைகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கிளம்பினேன். மடிப்புக் கலையக் கூடாதே. சிலைபோலக் கையை ஆட்டாமல் ஏழு தெரு நடந்தேன். திரும்பும்போது அதே கைகளில் அழுக்குத் துணி; அன்றைக்குப் பெட்டியைத் தொடவே இல்லை. சாயங்காலம் பார்த்தால் புதியது 41 என்றது. பழைய யோக்கியனும் 37 என்று காலை வாரிவிட்டான்.

போன் வந்தது. “என்னப்பா, நாப்பத்தொண்ணா?”

“சத்தியமா ஏழு தெரு நடந்தேம்மா! கையை ஆட்டல, அதான் எண்ணல.”

“மறுபடியுமாப்பா?” என்றாள். வாழ்நாளில் ஒரே ஒரு நாள் உண்மை சொன்னேன். அதற்கு ஆதாரம் இல்லை. மச்சினன் போனைப் பிடுங்கினான்.

“நிஜம்தாம்மா. நானே பார்த்தேன். பொணம் நடந்த மாதிரி நடந்தார்.”

“அப்ப கால்ல கட்டச் சொல்லுங்க மாமா.”

கட்டினேன். “கொலுசு எடுப்பா இருக்கு அத்தான்” என்றான் அவன். அன்றைக்கு 6,340. பெட்டி சும்மா கிடக்க, கால் உழைத்தது. மாதம் முடிந்தது; டாக்டர் தாளைப் பார்த்துத் தலையாட்டினார்; கடை திறந்தே இருக்கிறது.

எல்லா நாளும் நடந்தேன். கொட்டோகொட்டென்று மழை பெய்த ஒரு நாள் தவிர. அன்றைக்குக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து மத்தியானத்திலிருந்து ஆட்டிக்கொண்டே இருந்தேன். 6,015. இதை மச்சினன் வேறு மாதிரி சொல்லுவான். நம்பாதீர்கள்.