மாமியார் நடத்திய வகுப்பு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை முழுக்க என்னுடையதல்ல. மசாகா நகரத்துக்குத் தெற்கே எங்கள் சின்ன ஊரின் சுகாதார நிலையத்தில் வியாழக்கிழமைதோறும் கர்ப்பிணிகளுக்கும் அவர்கள் கணவர்களுக்கும் ஒரு வகுப்பு நடக்கும். அங்கே என் மனைவிக்குப் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இது என் கண்ணில் பட்டது. பாதியை நான் பார்த்தேன். மீதியை அதே வகுப்புக்கு வந்த நசூனா சொன்னாள். அவள் சொல்லாமல் விட்டதை நான் இட்டுக்கட்டுவேன், எங்கே என்று ஒப்புக்கொண்டும் விடுவேன்.

முதல் வரிதான் படியவில்லை.

"மழை விட்டிருந்த ஒரு காலையில்" (வேண்டாம். இங்கே மழை ஒன்று பெய்துகொண்டிருக்கும் அல்லது இப்போதுதான் விட்டிருக்கும். இதில் சொல்ல என்ன இருக்கிறது.)

"கயெம்பா நல்லவன்தான், ஆனால்" (ஆனால் போட்ட உடனே அவன் கெட்டவனாகிவிடுகிறான். அடித்துவிட்டேன்.)

இப்படி இருக்கட்டும்: கயெம்பா ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்டான்.

2

ஏன் வெளியே என்று சொல்ல வேண்டும்.

கயெம்பா வாழைத்தார் வியாபாரி. சைக்கிளில் ஆறு தார் கட்டி மேட்டில் தள்ளிக்கொண்டு போகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவன் தலைநகர் கம்பாலாவின் சந்தையில் தார் விற்றுக்கொண்டிருந்த நாளில், அவன் மனைவி நசூனாவுக்கு வீட்டிலேயே திடீரென்று தலைப்பிரசவம் ஆனது. பக்கத்தில் யாருமில்லை. குழந்தை ஒரு நாள்தான் இருந்தது. அதற்கப்புறம் புருஷனும் பெண்டாட்டியும் உப்பு தீர்ந்துபோனது, கரி தீர்ந்துபோனது என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

மறுபடி கர்ப்பமாகி ஆறு மாதம் ஆனபோது, வாழைக்காய்க்குத் தோல் சீவிக்கொண்டே நசூனா சொன்னாள்:

"இந்தத் தடவ பிரசவத்தப்ப நீங்க உள்ள வந்து என் பக்கத்துல இருக்கணும். இல்லேன்னா பொறக்கற பிள்ளையத் தூக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

"இருக்கேன்."

"சும்மா தலையாட்டக் கூடாது. வகுப்புக்கு வாங்க. பேசிக்கிறது எப்படின்னே நமக்கு மறந்துபோச்சு. அங்க சொல்லித் தர்றாங்களாம்."

"யாரு சொல்லித் தர்றா?"

நசூனா கத்தியைக் கீழே வைத்தாள். "எங்கம்மா."

3

(எங்கள் ஜனங்களில் மருமகனும் மாமியாரும் முகம் பார்த்துக்கொள்வதில்லை. ஒரே அறையில் உட்காருவதில்லை. பாதையில் எதிரே வந்தால் யாராவது ஒருவர் தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார். கை பட்டுவிட்டால் இருவருக்கும் நடுக்கம் வரும், சாகும்வரை போகாது என்பார்கள். இது வெறுப்பில்லை, மரியாதை. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.)

நசூனாவின் அம்மா நபதன்சி இருபத்திரண்டு வருஷமாக இங்கே பிரசவம் பார்க்கிற நர்ஸ். இந்த வட்டாரத்தில் வேறு வகுப்பு கிடையாது. அதனால் அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கயெம்பா வெளியே சுவரோடு ஒட்டி நின்றான்.

"பொண்டாட்டி அழுதா என்ன செய்யணும்?" என்று நபதன்சி கேட்டார்.

"எந்திரிச்சு வெளிய போயிடணும் நர்ஸம்மா" என்றான் முன்வரிசையில் ஒருவன்.

"வெளிய ஏற்கெனவே ஒருத்தரு நிக்கிறாரு. உனக்கு எடமில்ல."

வகுப்பே சிரித்தது. ஜன்னலுக்கு வெளியேயும் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"ஏன் அழுறேன்னு நோண்டாதீங்க. பக்கத்துல போய் உக்காருங்க. அவளாச் சொல்லுவா. சொல்லலேன்னாலும் உக்காருங்க." அப்புறம் திரும்பாமல் எதிர்ச்சுவரைப் பார்த்து, "வெளிய இருக்கறவருக்குக் கேட்டுச்சான்னு யாராச்சும் கேளுங்க" என்றார்.

"கேட்டுச்சுன்னு சொல்லுங்க" என்றது ஜன்னல்.

என் முதல் வரைவில் கயெம்பா இரண்டு வகுப்புக்கு மட்டம் போட்டான். கதைக்கு அது வசதி. நிஜத்தில் அவன் ஒன்றைக்கூட விடவில்லை. மழையில் வாழையிலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றவனைப் பொய் சொல்லிக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து தூங்கியவன் நான்.

ஒரு மாலை நசூனா அழுதாள். அவன் தார்களை இறக்காமல் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுப் போய் அருகில் உட்கார்ந்தான். இரண்டு வருஷமாக வாய்விட்டுச் சொல்லாத அந்தக் குழந்தையின் பெயரை இருவரும் சொன்னார்கள்.*

* இந்தப் பத்தி நான் இட்டுக்கட்டியது. நசூனா என்னிடம் சொன்னது "பேசினோம்" என்ற ஒரே வார்த்தைதான்.

4

வலி வந்தது காலை பத்து மணிக்கு. சைக்கிளில் தலையணை கட்டி அவளை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். இன்னொரு நர்ஸ் பயிற்சிக்காக மசாகா போயிருந்தாள். இருந்தது ஒரே அறை, ஒரே நபதன்சி.

முதல் முடிவு: அவன் வெளியே நிற்கிறான், அவள் மறுபடியும் தனியாகப் பெறுகிறாள். எழுதினேன், கிழித்தேன்.

இரண்டாவது முடிவு: அவன் மசாகாவுக்குப் பறந்து போய் அந்த நர்ஸை (சைக்கிளிலா? நாற்பது கிலோமீட்டரா?)

நடந்தது இது. கட்டிலில் கிடந்த நசூனா சொன்னாள்: "ரெண்டு பேருல யாரும் போகக் கூடாது. எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

நபதன்சி ஒரு போர்வையை எடுத்து, ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர் ஆணிவரை, மகளின் இடுப்புக்கு மேலாகக் குறுக்கே கட்டினார். தலைப்பக்கம் கயெம்பா. கால்பக்கம் அவர்.

"முதுகத் தடவிவிடச் சொல்லு" என்றார் மகளிடம்.

"தடவறேன்னு சொல்லு."

வலி முற்றியதும் நசூனாவால் எதையும் யாருக்கும் சொல்ல முடியவில்லை. அவன் அவளுடைய கையை விடவில்லை.

பெண் குழந்தை. பிறந்ததும் வீறிட்டது. ஆனால் நசூனாவுக்கு இரத்தம் நிற்கவில்லை. நபதன்சிக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன, குழந்தையைக் கீழே வைக்க இடமில்லை. போர்வைக்கு அடியிலிருந்து இரண்டு கைகள் குழந்தையோடு வெளியே நீண்டன.

"கயெம்பா, புடிங்க."

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் மாமியார் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, அவன் வாங்குவானா என்று உங்களிடம் கேட்கலாம். குழந்தையை அந்தரத்தில் தொங்கவிட்டு சாமர்த்தியம் காட்டுகிற கதைக்காரர்களை எனக்குப் பிடிக்காது. அவன் வாங்கிக்கொண்டான். விரல் மேல் விரல் பட்டது. இருவருக்கும் அது தெரியும்.

கொஞ்ச நேரத்தில் இரத்தம் கட்டுப்பட்டது. நபதன்சி சுவரில் சாய்ந்து மூச்சு விடுவது கேட்டது.

"கை நடுங்குதா?" என்று போர்வைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"நடுங்குது."

"எனக்குந்தான்."

இருவருக்கும் நடுவில் கிடந்த நசூனா சிரித்துவிட்டாள்.

5

அந்த நடுக்கம் எதனால் என்று எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். முறை தவறியதால் வந்தது என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். புதிதாக அப்பா ஆன எவனுக்கும் கை நடுங்கும் என்கிறாள் என் மனைவி. நபதன்சிக்கு ஏன் நடுங்கியது என்று கேட்டால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள். அடுத்த நாளே நடுக்கம் நின்றதா என்று கயெம்பாவிடம் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

அதனால் இதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் முடிவில் அந்த நடுக்கம் நோயாக இருந்தாலும் சரி, அன்பாக இருந்தாலும் சரி, எனக்குச் சண்டை இல்லை. ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: அவ்வளவு நடுங்கியும் குழந்தை எவர் கையிலிருந்தும் நழுவவில்லை.