அக்கா காதில் விழாமல்

"வலி எங்கே வருது அண்ணே?"

"வலியா? யாருக்கு?" என்றார் செமிசி.

டாக்டர் லூப்பே ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். டோங்காவின் ஹாபாய் தீவுகளில் இருக்கும் இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு அன்று அவள் ஒருத்திதான் டாக்டர். இதயத் துடிப்பை வரையும் மெஷின் ஒரு குறையும் காட்டவில்லை. வலி இல்லாத நேரத்தில் அது அப்படித்தான் சமர்த்தாக வரையும். அதை நம்பி ஆளை அனுப்பிவிட முடியாது. இனி விவரம் நோயாளி வாயிலிருந்துதான் வரவேண்டும். அந்த வாயோ பூட்டிக் கிடந்தது.

"சர்ச் விருந்துக்குப் பன்னியத் தூக்கிட்டுப் போனான். பாதி வழியில இறக்கி வச்சுட்டு நின்னுட்டான். மூஞ்சி சாம்பலாப் போச்சு. எந்தம்பி தூக்கின பன்னிய இறக்கி வச்சு நான் பாத்ததில்ல."

சொன்னது வாசலில் இருந்த அக்கா சிசிலியா. நாற்காலியைப் படிக்குக் குறுக்கே போட்டு, டோங்கா வழக்கப்படி மரியாதைக்காக இடுப்பில் கட்டிய பாய் சரசரக்க, அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"பெரிய பன்னி அக்கா," என்றார் செமிசி தரையைப் பார்த்து. "நேத்து வள்ளிக்கிழங்கு கொஞ்சம் அதிகம். வாயு. படகு கிளம்பிடும் டாக்டரம்மா, ஊர்ல வேலை கிடக்கு."

ஊர் என்றால் கடலில் ஒரு பகல் தூரம். அங்கே டாக்டர் கிடையாது.

"வேலை செய்யும்போது நெஞ்சை அடைக்குதா?"

"இல்ல."

"நடக்கும்போது?"

"இல்ல."

"படுத்திருக்கும்போது?"

செமிசியின் கண் வாசலுக்கு ஒரு தடவை போய்வந்தது. தலை இன்னும் தாழ்ந்தது. "இல்லவே இல்ல."

லூப்பேவுக்குப் புரிந்துவிட்டது. அவளும் இந்த மண்ணில் பிறந்தவள். அண்ணன் உள்ளே வந்தால் டிவியில் முத்தக் காட்சியை அணைத்துவிட்டு எழுந்து போகிறவள். உடம்புப் பேச்சு, படுக்கைப் பேச்சு எதுவும் அக்காவும் தம்பியும் இருக்கிற இடத்தில் வாயில் வரக்கூடாது. அப்படியென்றால் அக்காவை வெளியே போகச் சொல்லவேண்டியதுதானே? குடும்பத்தில் அக்காவுக்கு மேல் ஆள் இல்லை. எழுந்திரு என்று அவளிடம் சொல்ல இந்தத் தீவில் யாருக்கு நாக்கு வரும்? அவளாகவே எழுந்து போனால் அடுத்த நிமிஷம் செமிசி படகில் இருப்பார். இருந்தால் பேசமாட்டார், போனால் ஓடிவிடுவார்.

லூப்பே வாசலுக்குப் போனாள். "அக்கா…"

"என்னம்மா?"

"இன்னும் கேக்கணும். அவர் சொல்லணும். ஆனா…"

விசிறி நின்றது. சிசிலியா திரும்பவில்லை; தென்னைகளுக்கு அப்பால் கடலைப் பார்த்தபடி இருந்தாள்.

"எனக்குப் பாடணும் போல இருக்கு," என்றாள்.

தொண்டையைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுதான்; ஆனால் கூரையே இல்லாத இடத்தில் பாடுவதுபோல் பாடினாள். தாழ்வாரத்துப் பெஞ்சில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் இரண்டாம் குரலில் சேர்ந்துகொண்டாள். காலில் கட்டுப்போட்ட ஒருவர் அடிவயிற்றிலிருந்து கீழ்க்குரலை எடுத்தார். ஊசித் தட்டோடு வந்த நர்ஸும் நின்று பாடினாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறந்ததிலிருந்து கேட்கிற பாட்டுத்தான், இருந்தும் லூப்பேவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

உள்ளே போய்ச் செமிசியின் காதோரம் குனிந்தாள். "இப்ப சொல்லுங்க அண்ணே. யாருக்கும் கேக்காது."

செமிசி வாசல் பக்கம் காது கொடுத்தார். கண் கலங்கியது. பிறகு விரல்களை மடக்கி முஷ்டியை நடுநெஞ்சில் வைத்து அழுத்தினார்.

லூப்பே அந்த முஷ்டியைப் பார்த்தாள். அப்படிக் காட்டச் சொல்லி யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. இருந்தும் எந்த ஊர்க்காரர் ஆனாலும், இந்த வலியைச் சொல்லும்போது எத்தனையோ பேர் கை தானாக அப்படித்தான் மூடுகிறது.

"தோணிய இழுத்து இது மேல ஏத்தின மாதிரி," என்றார்.

"எப்போ?"

"பொண்டாட்டிகூட இருக்கும்போது. மொதல்ல அப்ப மட்டுந்தான். நடிக்கிறேன்னு சிரிச்சா, பாவி மக. அப்புறம் அழுதா."

"இப்ப?"

"சும்மா படுத்திருந்தாலே வருது. தாடை வரைக்கும் இழுக்குது. இந்தக் கை மரத்துப் போகுது. இன்னைக்குக் காலையிலயும்."

"வேர்க்குமா?"

"பாய் நனைஞ்சுடும்."

மெஷின் வரையாததை அவர் வார்த்தை வார்த்தையாக வரைந்துகொண்டிருந்தார். உள்ளே ஒரு ரத்தக்குழாய் அடைபட்டுக்கொண்டு வருவதை லூப்பே கண்ணால் பார்ப்பதுபோல் கேட்டாள்.

"அண்ணே, படகு ஏறினா நீங்க ஊர் போய்ச் சேராம போயிடலாம்."

"அவ்வளவு மோசமா?"

"அவ்வளவு மோசம்."

துறையில் படகின் சங்கு ஊதியது. பாட்டுக்கு அடியில் அது லேசாகத்தான் கேட்டது. செமிசி அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கட்டிலில் சாய்ந்து, லூப்பே நீட்டிய மாத்திரையை மென்றார். "கசக்குது," என்றார்.

லூப்பே வாசலுக்கு வந்தாள். "அக்கா."

சிசிலியாவின் குரல் மட்டும் நின்றது. "என்னன்னு நான் கேக்கல. இருக்கானா, போறானா?"

"இருக்காரு. பெரிய ஆஸ்பத்திரிக்கு விமானத்துல அனுப்பறேன்."

"சரி."

சிசிலியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலியை அவளே ஓரமாக நகர்த்தினாள். வாசல் திறந்து கிடந்தது, செமிசி அசையவில்லை.

லூப்பே தலைநகருக்கு போன் போட்டாள்.

"என்னம்மா இது சத்தம், சர்ச்சிலயா இருக்கே?" என்றார் அந்தப் பக்கம் இதய டாக்டர்.

பெஞ்சுக்காரர்கள் இன்னும் முடிக்கவில்லை. கால்கட்டுக்காரர் அடுத்த சரணத்தை எடுத்துக் கொடுத்தார்.

"இல்ல சார், ஆஸ்பத்திரியிலதான்," என்று லூப்பே மற்றக் காதை விரலால் அடைத்துக்கொண்டு, செமிசி சொன்னதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.