அழிந்துபோன பெருக்கல் குறி

வீட்டில் அவளுக்கு ‘சோப்பம்மா’ என்று பட்டப்பெயர். ஆபரேஷனுக்கு முன் நன்றாகக் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள், கேட்க வேண்டுமா? முதல் நாள் ஸ்கேன் டாக்டரம்மா இடது மார்பில் பேனாவால் போட்ட பெருக்கல் குறிக்கு ஸ்கேனோடு வேலை முடிந்தது என்று நினைத்து, தோல் சிவக்கத் தேய்த்து அதை அழித்துத் தள்ளிவிட்டாள்.

ஆபரேஷன் அறையில் விஷயம் தெரிந்ததும் சர்ஜன் கையுறையை மாட்டிக்கொண்டார். கீமோவில் புற்றுநோய்க் கட்டி கைக்கே அகப்படாத அளவு சுருங்கியிருந்தது. நல்ல சேதிதான். ஆனால் மிச்சம் இருக்கும் இடம் தெரிந்தால்தான் அதை மட்டும் எடுத்துவிட்டு மார்பை விட்டுவைக்கலாம். அவருடைய விரல்கள் தேடித் தேடிப் பார்த்தன. ஒன்றும் தட்டுப்படவில்லை. அவள் தலையைத் தூக்கிக் கேட்டாள்.

“என் புத்தியச் செருப்பால அடிக்கணும். இப்ப முழுசா எடுத்துடுவீங்களா டாக்டர்?”

பார்த்துவிட்டுச் சொல்வதாக அவர் சொன்னார். டாக்டரம்மா மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். திட்டு விழும் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நேத்து கையைத் தலைக்கு மேல வச்சுப் படுத்திருந்தீங்க. இங்க கையைப் பக்கவாட்டுல நீட்டணும். அப்ப எல்லாமே கொஞ்சம் நகரும். எப்படியும் இன்னொரு தடவை பார்த்துத்தான் ஆகணும்” என்று சொல்லி ஜெல்லைத் தடவினார். சில்லென்றிருந்தது.

திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது. சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காகக் கொழுப்பு, பால் சுரப்பி, கீழே தசை, அதற்கும் கீழே மூச்சோடு ஏறி இறங்கும் விலா எலும்பு. இரண்டு பிள்ளைகள் பால் குடித்த இடம். இத்தனை வருஷம் தேய்த்துக் குளித்தவளுக்கு உள்ளே இப்படியொரு உலகம் இருப்பது தெரியாமல் போயிற்றே. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. காதுக்குக் கேட்காத ஒரு சத்தம் உள்ளே போய்த் திரும்பி வந்து இத்தனையையும் சொல்கிறதாம். பயம் போன இடம் தெரியவில்லை. வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதோ.”

கறுப்பாகக் குட்டி நிழல் ஒன்று. அதற்குள் பளிச்சென்று ஒரு புள்ளி. கீமோவுக்கு முன்பே அடையாளத்துக்கு வைத்த உலோகத் துணுக்கு. எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் எவ்வளவு அகலம் என்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல, சர்ஜன் தோலில் வரைந்தார். நேற்றைய இடத்திலிருந்து அது ஒரு விரல் தள்ளியிருந்தது.

மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது தங்கை பக்கத்தில் இருந்தாள். எடுத்த துண்டையும் தண்ணீரில் போட்டு ஸ்கேன் செய்து பார்த்தார்களாம்.

“கட்டி நட்ட நடுவுல உக்காந்திருந்துச்சாம் அக்கா. சுத்தி நல்ல சதைதான்னு சர்ஜன் சொன்னாரு. லேப்ல பார்த்து உறுதி பண்ணுவாங்களாம்.”

அவள் மெல்லக் கட்டுத்துணியின்மேல் கையை வைத்தாள். வலித்தது. வலிக்க மார்பு இருந்தது. கையை எடுக்கவே அவளுக்கு மனம் வரவில்லை.